உரிமம் தேவையில்லாத அலைக்கற்றையும் ரேடியோ வானியலும்: பகிர்வது ஏன் இவ்வளவு சிக்கல்?

கேள்வி இதுதான்: வைஃபை, புளூடூத், கார் சாவி ரிமோட் எல்லாம் யாரிடமும் உரிமம் வாங்காமல் ஒரே அலைக்கற்றையைப் பகிர்ந்துகொண்டு ஓடுகின்றன. பெரிதாகச் சண்டை ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, புதிதாக ஒரு அலைக்கற்றையைத் திறந்துவிடும் ஒவ்வொரு முறையும், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் படிக்கும் ரேடியோ வானியலாளர்கள் மட்டும் ஏன் ஆட்சேபம் சொல்கிறார்கள்? அவர்களும் மற்றவர்களைப் போலப் பகிர்ந்துகொள்ளக் கூடாதா?

பகிரலாம். பல இடங்களில் ஏற்கெனவே பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ரௌட்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை தொலைநோக்கியிடம் செல்லுபடியாகாது. அந்த முறை முழுவதும் அடுத்தவரின் அலை காதில் விழுவதை நம்பியிருக்கிறது. தொலைநோக்கி எதையும் ஒலிபரப்புவதில்லை. அது கேட்க மட்டுமே செய்யும். பகிர்வின் தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினாலும் இந்த ஒரு விஷயம் மாறப்போவதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் இந்த 'உரிமம் தேவையில்லாத' அலைக்கற்றை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழிற்சாலை, ஆய்வகம், மருத்துவமனை ஆகியவற்றில் இருக்கும் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். ரேடியோ அலையால் பொருளைச் சூடாக்கும் இயந்திரங்கள்தான் அப்போது முக்கியம். அவை எப்படியும் அலைகளைக் கசியவிடும், அதனால் அந்தக் கசிவு ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது எண்ணம். மைக்ரோவேவ் அடுப்பு இன்றும் வேலை செய்யும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அப்படி வந்ததுதான். 1985-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், இந்தக் கசிவு அலைவரிசைகளில் தகவல் தொடர்புக் கருவிகளும் உரிமம் இல்லாமல் இயங்கலாம் என்று அனுமதித்தது. வைஃபைக்கான முதல் தரநிலை 1997-ல் வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு 2018-லும் உரிமத் தேவை நீங்கியது.

இந்த ஏற்பாட்டின் விதி ரொம்ப எளிமையானது. உன் கருவி யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது. உன் கருவிக்கு வரும் இடையூறை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு பாதுகாப்பு கிடையாது. இது அருமையான யோசனை என்றுதான் நான் நினைக்கிறேன். அனுமதிக்காக யார் வாசலிலும் நிற்காமல் ஒரு மாணவர் கூடப் புதுக் கருவி செய்து பார்க்க முடிந்ததற்கு இதுவே காரணம். உரிமமில்லா அலைக்கற்றையே தவறு என்று வானியலாளர்கள் சொல்வதாக நினைத்தால் அது சரியல்ல.

சரி, தொலைநோக்கி எவ்வளவு மெல்லிய அலையைத் தேடுகிறது என்று பார்ப்போம். ரேடியோ வானியலில் பிரகாசத்தை அளக்கும் அலகு ஜான்ஸ்கி. வானிலிருந்து வரும் ரேடியோ அலையை 1930-களின் தொடக்கத்தில் முதலில் கண்ட கார்ல் ஜான்ஸ்கியின் பெயர். ஒரு வாட்டை, ஒன்றுக்குப் பின் 26 பூஜ்ஜியம் போட்ட எண்ணால் வகுத்தால் வரும் சக்தி, ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் விழுந்தால் அது ஒரு ஜான்ஸ்கி. கன்னி விண்மீன் குழுவில் உள்ள எம்87 என்ற விண்மீன் மண்டலம், அதுதான் 2019-ல் கருந்துளைப் படம் வந்த இடம், வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்று. அதுவே 1.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 200 ஜான்ஸ்கிதான். இன்றைய ஆராய்ச்சி நடப்பது ஒரு ஜான்ஸ்கியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும், லட்சத்தில் ஒரு பங்கிலும்.

இப்போது ஒரு சாதாரண வீட்டு ரௌட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 வாட் சக்தி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாமல் 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு தொலைநோக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பில் அந்த 0.1 வாட்டைப் பரப்பி, 2 கோடி ஹெர்ட்ஸால் வகுத்தால், தொலைநோக்கி இருக்கும் இடத்தில் வரும் அளவு சுமார் 40 கோடி ஜான்ஸ்கி. எண்ணைத் தவறாகப் படிக்கவில்லை, கோடிதான்.

ரௌட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில்தானே ஒலிபரப்புகிறது, 1.4-ல் வேலை செய்யும் தொலைநோக்கிக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எந்தக் கருவியும் தன் அலைவரிசையோடு கச்சிதமாக நின்றுவிடுவதில்லை. வெளியிலும் கொஞ்சம் கசியும். அமெரிக்க விதிப்படி, 960 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அப்படிக் கசியும் அளவு மூன்று மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட் வரை இருக்கலாம். அந்த உச்ச வரம்பில் ஒரு கருவி கசிந்தால், அதே 10 கிலோமீட்டரில் தடையில்லாத பார்வையில் கிட்டத்தட்ட 6000 ஜான்ஸ்கி வரும். எம்87-ஐப் போல முப்பது மடங்கு, சட்டத்தை ஒரு துளியும் மீறாத கருவியிலிருந்து. ரேடியோ வானியலுக்கு இடையூறு என்று சர்வதேசப் பரிந்துரை வகுத்திருக்கும் எல்லை 1.4 கிகாஹெர்ட்ஸில், பரந்த பட்டை முழுவதையும் சேர்த்து அளக்கும் அளவீட்டுக்கு, மூன்று ஜான்ஸ்கி அளவுதான். அதுவும் தொலைநோக்கி அந்தக் கருவியை நேராகப் பார்க்காமல், ஓரக்கண்ணில் படும் அலைக்கு.

நல்ல கருவிகள் இந்த வரம்புக்கு ரொம்பக் கீழேயே இருக்கும் என்பதும், மலைகள் நிறையத் தடுக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் தொலைநோக்கிகளைப் பள்ளத்தாக்கிலும் ஆளில்லாத நிலத்திலும் கட்டுகிறார்கள். ஆனால் இந்த விதிகளை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்தது பக்கத்து வீட்டு டிவியும் ரேடியோவும். பக்கத்து வீட்டு டிவி கெடாமல் இருக்கப் போதுமான வரம்பு, தொலைநோக்கிக்குப் போதாது. அப்புறம், ஒரு கருவியைத்தான் கணக்குப் போட்டோம். அடிவானத்துக்குள் ஒரு சிறிய நகரம் இருந்தாலே எத்தனை ஆயிரம் கருவிகள்!

இனி பகிர்வுக்கு வருவோம். வைஃபை கருவி பேசுவதற்கு முன் சில மைக்ரோநொடிகள் காதைத் தீட்டிக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். இல்லையென்றால் தன் பொட்டலத்தை அனுப்பும். 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் ஒரு படி மேலே போய், வானிலை ராடாரின் துடிப்பைக் கேட்டால் அந்தச் சேனலையே விட்டு விலகிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. சில ரௌட்டர்களில் சேனல் திடீரென்று மாறி, இணைப்பு ஒரு நிமிடம் போய்வருவதைக் கவனித்திருப்பீர்கள். பல நேரம் அதற்கு இந்த விதியே காரணம். ராடார் சத்தம் போடுவதால் ரௌட்டருக்குத் தெரிகிறது. தொலைநோக்கி இருப்பது எப்படித் தெரியும்? பேருந்தில் துண்டு போடாத இருக்கை எல்லாம் காலி இருக்கை என்பதுதான் ரௌட்டரின் கணக்கு. தொலைநோக்கியிடம் போடுவதற்குத் துண்டே இல்லை. சொல்லப்போனால், அலைக்கற்றை எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவு ஆர்வமாகக் கருவிகள் அங்கே வரும். அந்த அமைதியை நம்பித்தான் தொலைநோக்கி அங்கே இருக்கிறது.

தொலைநோக்கியே ஒரு சிறு அடையாள அலையை அனுப்பினால் என்ன என்று பொறியியல் மாணவர்கள் கேட்பதுண்டு. உணர்திறன் இவ்வளவு அதிகமான ஒரு கருவியின் பக்கத்தில் ஒலிபரப்பியை வைத்தால் முதலில் காது அடைவது அதற்குத்தான். வேறு அலைவரிசையில் அனுப்பினால், உலகத்தில் உள்ள ஒவ்வொரு மலிவுக் கருவியிலும் அதைக் கேட்க இன்னொரு ரேடியோ இருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் முகவரி. உரிமம் வாங்கிய ஒலிபரப்பிக்கு ஒரு கோபுரம் இருக்கும், அதற்கு ஒரு உரிமையாளர் இருப்பார், கோப்பில் அட்சரேகை தீர்க்கரேகை இருக்கும். இடையூறு வந்தால் கடிதம் எழுதலாம், ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லலாம். ரேடியோ வானியலை ஒரு சேவையாக 1959 ஜெனீவா மாநாட்டில் அங்கீகரித்ததிலிருந்து அதன் பாதுகாப்பு முழுவதும் இந்த மாதிரிக் கடிதப் போக்குவரத்தில்தான் நின்றது. உரிமமில்லாத கருவிக்கு முகவரி கிடையாது. கடையில் விற்ற பிறகு அது எந்த ஊரில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று தயாரித்தவருக்கே தெரியாது.

இதற்கு அமெரிக்காவின் கிரீன் பாங்க் நல்ல உதாரணம். மேற்கு வர்ஜீனியாவில், மலைகளுக்கு நடுவே, ரேடியோ தொலைநோக்கி ஆய்வகம் இருக்கும் அந்த ஊரைச் சுற்றி 1958-ல் தேசிய ரேடியோ அமைதி மண்டலம் ஏற்படுத்தினார்கள். சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடச் சற்றே சிறியது. இவ்வளவு பெரிய மண்டலம் இருக்கும்போது அங்கே வைஃபையே இருக்காது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த மண்டல விதிகள் நிலையாக நிறுவப்பட்ட, உரிமம் பெற்ற ஒலிபரப்பிகளுக்கு மட்டும்தான். வீட்டு ரௌட்டர் அந்த விதிக்குள் வராது. 1956-ல் அந்த மாநிலம் போட்ட தனிச் சட்டம் ஒன்று தொலைநோக்கியிலிருந்து பத்து மைலுக்குள் மின் கருவிகளின் இடையூறைத் தடுக்கிறது. அதைக் கொண்டுதான் ஆய்வகத்தினர் சமாளிக்கிறார்கள். வண்டியில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்து, இடையூறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, கதவைத் தட்டிக் கேட்பார்கள். சில நேரம் பழுதான மின் கம்பளியாக இருக்கும், மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பிள்ளைகள் இணையத்தில் வீட்டுப்பாடம் செய்ய வேண்டிய காலத்தில், நூறு மீட்டர் அகலத் தொலைநோக்கிக்காக ரௌட்டரை அணைத்து வையுங்கள் என்று எத்தனை குடும்பத்திடம் கேட்க முடியும்? அந்த ஊர் மக்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுமையை அந்த ஒரு ஊரின் தலையில் வைத்ததுதான் தவறு.

உரிமமில்லாக் கருவி ஒன்று வானியலை எந்த அளவுக்குக் குழப்ப முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2007-ல் டங்கன் லோரிமர் குழு, 2001-ல் பதிவான பழைய தரவுகளில் சில மில்லிநொடியே நீடித்த ஒரு பெரிய ரேடியோ வெடிப்பைக் கண்டெடுத்தது. உயர் அதிர்வெண் முதலிலும் தாழ் அதிர்வெண் பின்னாலும் வந்து சேர்ந்திருந்தது. விண்வெளியில் உள்ள எலக்ட்ரான்களுக்கு ஊடே நெடுந்தூரம் பயணம் செய்த அலையின் அடையாளம் அது. பால்வெளிக்கு வெளியே எங்கோ நடந்த வெடிப்பு என்று அறிவித்தார்கள்.

அப்புறம் 2011-ல் ஒரு சங்கடம். அதே பார்க்ஸில், 1998-லிருந்து பதிவான தரவுகளில், கிட்டத்தட்ட அதே மாதிரி அதிர்வெண் சறுக்கலோடு வேறு சில துடிப்புகள் கிடைத்தன. பார்க்ஸின் கருவி ஒரே நேரத்தில் வானத்தில் 13 திசைகளைப் பார்க்கும். இந்தத் துடிப்புகள் 13-லும் ஒன்றாகத் தெரிந்தன. அப்படியானால் அவை வானத்திலிருந்து வந்திருக்க முடியாது, பக்கத்தில் எங்கோ இருந்து வருகின்றன. 'பெரிட்டான்' என்று பெயர் வைத்தார்கள். எதனால் வருகிறது என்று தெரியாமல் நான்கு ஆண்டுகள் போயின. அதற்குள் லோரிமர் கண்டதும் இதே வகைதானோ என்ற சந்தேகம் பரவி, வேக ரேடியோ வெடிப்பு என்ற துறையே ஆட்டம் கண்டது.

2014 டிசம்பரில் அங்கே இடையூறுகளைக் கவனிக்கத் தனியாக ஒரு கருவி வைத்தார்கள். 2015 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் மூன்று பெரிட்டான்கள் வந்தன. அந்த மூன்று நேரத்திலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் ஏதோ ஒளிர்ந்திருந்தது. பழைய பெரிட்டான்களின் நேரத்தை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் பகல் வேளை, அதிலும் மதியச் சாப்பாட்டை ஒட்டி. எமிலி பெட்ராஃப் தலைமையிலான குழு வளாகத்து மைக்ரோவேவ் அடுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தது. அடுப்பு முழு நேரம் ஓடித் தானாக நின்றால் ஒன்றும் ஆகவில்லை. பொறுமையில்லாமல் நடுவிலேயே கதவைத் திறந்தால், உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் அணையும் அந்தக் கணத்தில் 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பை உமிழ்கிறது. திறந்த கதவு வழியே அது வெளியே வருகிறது. தொலைநோக்கி சரியான கோணத்தில் திரும்பியிருந்தால் ஒரு பெரிட்டான்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. அந்த அடுப்பு பழுதானது இல்லை. எந்த விதியையும் மீறவில்லை. இருந்தது தொலைநோக்கி வளாகத்திலேயே, ரேடியோ இடையூறைப் பற்றி உலகத்தில் யாரையும் விட நன்றாகத் தெரிந்தவர்கள் கையில். அவர்களுக்கே பதினாறு பதினேழு ஆண்டுத் தரவுகளில் கலந்து கிடந்த ஒரு துடிப்பின் மூலத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடு. நல்ல வேளையாக லோரிமர் வெடிப்பு உண்மையானது என்பது பின்னால் உறுதியாயிற்று. இன்று அந்த வகை வெடிப்புகள் ஏராளமாகப் பதிவாகின்றன.

வானியலுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகள் இருக்கின்றனவே, அங்கேயே இருந்துகொள்ளலாமே என்பது அடுத்து வரும் கேள்வி. 1400-லிருந்து 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகெங்கும் யாரும் ஒலிபரப்பக் கூடாது. ஹைட்ரஜன் அணு உமிழும் 1420.4 மெகாஹெர்ட்ஸ் அலை அதற்குள் இருக்கிறது. ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் 1951-ல் முதலில் பிடித்த அலை. நம் பால்வெளியையும் அருகிலுள்ள மண்டலங்களையும் படிக்க அந்த 27 மெகாஹெர்ட்ஸ் போதும். ஆனால் பிரபஞ்சம் விரிகிறது. தூரத்து மண்டலத்திலிருந்து வரும் அதே ஹைட்ரஜன் அலை நீண்டு, தாழ்ந்த அதிர்வெண்ணில் வந்து சேரும். தூரம் கூடக்கூட அது இன்னும் கீழே இறங்கும். கீழே என்ன இருக்கிறது? விமான வழிகாட்டி, மொபைல், டிவி, அப்புறம் நம் உரிமமில்லாக் கருவிகள்.

புனே அருகே கோடத் கிராமத்தைச் சுற்றி இருக்கும் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியைப் பாருங்கள். 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள். 2023 ஜனவரியில் அறிவித்த ஒரு கண்டுபிடிப்பில், அது ஒரு தூரத்து மண்டலத்தின் ஹைட்ரஜனைப் பிடித்தது. புறப்பட்டபோது 1420 மெகாஹெர்ட்ஸாக இருந்த அலை இங்கே வரும்போது சுமார் 620 மெகாஹெர்ட்ஸ். இயற்கையே நடுவில் ஒரு ஈர்ப்பு வில்லையை, அதாவது தன் ஈர்ப்பு விசையால் அலையை வளைத்துக் குவிக்கும் இன்னொரு மண்டலத்தை, வைத்து அலையைப் பெருக்கிக் கொடுத்ததால்தான் தெரிந்தது. அந்த 620-க்கு எந்தச் சர்வதேசப் பட்டியலிலும் வானியலுக்கென்று தனி இடம் கிடையாது. கார் சாவி ரிமோட்டுகள் பல இயங்கும் 433.92 மெகாஹெர்ட்ஸும் அப்படித்தான். அது ஜிஎம்ஆர்டியின் 250-500 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் உள்ளேயே இருக்கிறது. ஆயிரம் கோடி ஆண்டுக்கு முன்னால் கிளம்பிய ஹைட்ரஜன் அலை வந்து சேரும் இடமும் அதேதான். வானியலாளர்கள் அங்கே உரிமை கோர முடியாது. கிடைத்த இடைவெளியில் கேட்டுக்கொள்கிறார்கள். பகிர்வு என்றால் அவர்களுக்கு இன்று நடைமுறையில் அதுதான்.

நம் ஊரிலும் ஒரு பழைய தொலைநோக்கி இருக்கிறது. நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத் தொலைநோக்கி. மலைச் சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக அமைந்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே ஒரு திருப்பத்தில் ஒரு மூலத்தை மணிக்கணக்கில் தொடரலாம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். வானியலுக்கென்று பட்டியலில் இருக்கும் 322-328.6 பட்டைக்குள் அது அடக்கம். அன்று எடுத்த அந்த முடிவின் பலன் இப்போது தெரிகிறது. ஆனால் பட்டை குறுகியது, பரந்த அலைக்கற்றையை ஒரே சமயத்தில் கேட்கும் இன்றைய ஆராய்ச்சிக்கு அது மட்டும் போதாது.

இடையூறு வந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமே? வெட்டுகிறார்கள். ஒவ்வொரு தொலைநோக்கியிலும் அதற்கான மென்பொருள் ஓடுகிறது. ஜிஎம்ஆர்டியில் மின்கம்பிகளின் பொறி இரைச்சலைத் தரவு வரும்போதே கண்டு நீக்கும் வசதி இருக்கிறது. ஆனால் வெட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. தொலைநோக்கியின் சொந்த இரைச்சல், அலைக்கற்றையின் அகலத்தையும் நேரத்தையும் பெருக்கினால் வரும் எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். பாதி அலைக்கற்றையை வெட்டினால், அதே தெளிவுக்கு இரண்டு மடங்கு நேரம் உட்கார வேண்டும். எட்டு மணி நேர வேலை பதினாறு மணி நேரமாகிறது. அதைவிட மோசம், மென்பொருளின் கண்ணில் படாத மெல்லிய இடையூறு. இயற்கை இரைச்சல் நேரம் ஆக ஆகச் சராசரியில் கரையும். இடையூறு கரையாது, சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் ஒரு மூலம் போலவே நிற்கும். வெட்ட முடியாத இன்னொன்றும் உண்டு: பக்கத்து அலைவரிசையில் வரும் பலமான அலை, முதல் பெருக்கியையே திணறடித்துவிட்டால், சுத்தமான பட்டையிலும் போலி அலைகள் முளைக்கும்.

அப்படியானால் எதுதான் வேலை செய்யும்? எனக்குத் தெரிந்து நல்ல பதில் கார் ராடார் விஷயத்தில் கிடைத்தது. 2002-ல் அமெரிக்கா, 24 கிகாஹெர்ட்ஸைச் சுற்றிய அகலமான பட்டையில் கார்களுக்கான குறுந்தூர ராடாரை உரிமமில்லாமல் அனுமதித்தது. அந்தப் பட்டைக்குள் 23.6-24 கிகாஹெர்ட்ஸ், எந்த ஒலிபரப்பும் கூடாது என்று சர்வதேச விதி சொல்லும் இடம். விண்வெளியில் 1968-ல் கண்ட அம்மோனியாவின் அலை அங்கே இருக்கிறது. விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த முகில்களின் வெப்பநிலையை அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். வானிலைச் செயற்கைக்கோள்கள் காற்றின் ஈரப்பதத்தை அளப்பதும் அதே இடத்தில்.

ஐரோப்பா 2005-ல் இதே ராடாரை அனுமதித்தபோது மூன்று நிபந்தனை போட்டது. ஒரு நாட்டின் மொத்த வாகனங்களில் 7 சதவீதத்துக்கு மேல் இந்த ராடார் இருக்கக் கூடாது. 2013 நடுப்பகுதியோடு புதிய கார்களில் பொருத்துவதை நிறுத்த வேண்டும், அதற்குள் 79 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: பட்டியலிட்ட ரேடியோ வானியல் நிலையங்களுக்கு அருகே வந்தால் ராடார் தானாக அணைய வேண்டும். கார் தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறது, தொலைநோக்கி எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் அதனிடம் இருக்கிறது. ஓட்டுநர் எதையும் செய்ய வேண்டியதில்லை. தொலைநோக்கியும் எதையும் ஒலிபரப்ப வேண்டியதில்லை. கேட்டு விலகும் முறைக்குப் பதில் இடத்தை அறிந்து விலகும் முறை. 79 கிகாஹெர்ட்ஸிலும் வானியல் நடக்கிறது என்பதால் சிக்கல் முழுதாகத் தீரவில்லைதான். ஆனால் கருவி கடைக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்தார்கள், அதுவே பெரிய வித்தியாசம்.

இந்த அனுபவத்தை வைத்து 6 கிகாஹெர்ட்ஸைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்கா 5925-லிருந்து 7125 மெகாஹெர்ட்ஸ் வரை, 1200 மெகாஹெர்ட்ஸை ஒரே மூச்சில் வைஃபைக்குத் திறந்தது. நடுவில் 6650-லிருந்து 6675 வரை மெத்தனாலின் அலை இருக்கிறது. பெரிய விண்மீன்கள் உருவாகும் இடங்களில் மெத்தனால் மூலக்கூறுகள் இயற்கை லேசர் மாதிரி 6.7 கிகாஹெர்ட்ஸில் ஒளிர்கின்றன. 1991-ல் கார்ல் மென்டன் கண்டது. கனமான விண்மீன் எங்கே பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. கூடுதல் சக்தியில், வெளியில் இயங்கும் ரௌட்டர்கள் தாங்கள் இருக்கும் இடத்தை ஒரு தானியங்கித் தரவுத்தளத்திடம் சொல்லி, எந்தச் சேனல் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட தொலைநோக்கிகளைச் சுற்றி அந்த 25 மெகாஹெர்ட்ஸைத் தரவுத்தளம் தராது. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுக்குள் இயங்கும் குறைந்த சக்தி ரௌட்டர்கள் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டியதில்லை, சுவர் தடுத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மை எது என்று சொல்லத் தேவையில்லை. ரௌட்டர் இணையத்தில்தானே இருக்கிறது; ஒரு கேள்வி கேட்டு 1200-ல் 25-ஐ விட்டுக்கொடுக்க அதற்கு என்ன கஷ்டம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகளில் கீழ்ப்பாதியை, அதாவது 5925-6425 மெகாஹெர்ட்ஸை மட்டும், வீட்டுக்குள் குறைந்த சக்திக்கும் வெளியே மிகக் குறைந்த சக்திக்கும் உரிமமில்லாமல் திறக்க முன்வந்தது. மெத்தனால் அலை அதற்கு மேலே இருப்பதால் இந்த வரைவு அதைத் தொடவில்லை. மேல்பாதியை 5ஜி, 6ஜி மொபைல் நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை இங்கே வலுவாக இருக்கிறது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய பகுதிக்கு 2023 உலக ரேடியோ மாநாட்டிலேயே அதை மொபைலுக்கென்று அடையாளம் கண்டுவிட்டார்கள். மொபைல் கோபுரத்தின் சக்தி ரௌட்டரைவிடப் பல மடங்கு அதிகம், அந்த வகையில் ஆபத்தும் அதிகம். ஆனாலும் கோபுரத்துக்கு உரிமமும் முகவரியும் இருக்கிறது. தொலைநோக்கியைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இந்த 25 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்தாதே என்று ஏலத்துக்கு முன்பே நிபந்தனையில் ஒரு வரி எழுதிவிடலாம். இரண்டில் எது வந்தாலும் அந்த வரியை எழுத வேண்டிய நேரம் அலைக்கற்றையைத் திறப்பதற்கு முந்தைய சில மாதங்கள்தான். வானியலாளர்கள் ஒவ்வொரு முறையும் சரியாக அந்த நேரத்தில் குரல் எழுப்புவது அதனால்தான்.